ஆணியில் தொங்கிய மஞ்சள் பை

வீட்டு விஷயத்தை வெளியே எழுதலாமா என்று நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். "எழுதுங்க சித்தி, யாருக்காச்சும் உபயோகப்படும்" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, சம்பந்தப்பட்ட பையனேதான். அதனால் துணிந்து எழுதுகிறேன். ஆனால் அவன் பெயரை மட்டும் எழுத மாட்டேன். போலீஸ் கேஸில் மாட்டிய பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாபு என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஊர் கரூர்ப் பக்கம் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

பாபு என் அக்கா பையன். 2017-ல் அக்கா சிறுநீரகக் கோளாறில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவனை விட்டுடாதடி" என்றாள். அவனுக்கு அப்போது 11 வயது. அப்பாக்காரர் குடித்துக் குடித்து, கடைசியில் திருப்பூர்ப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. காரியம் முடிந்த மறுநாள், ஒரு மஞ்சள் பையில் இரண்டு டிரவுசர், மூன்று சட்டையோடு பாபு எங்கள் வீட்டுக்கு வந்தான். பையை ஹாலில் இருந்த ஆணியில் மாட்டினேன். இந்தப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒரே மகள், பாபுவைவிட மூன்று வயது சின்னவள். வருமானம் இழுபறிதான் என்றாலும் பையனுக்குச் சோறு, துணி, பீஸ் எதிலும் குறை வைத்ததில்லை. "சொந்தப் பிள்ளை மாதிரி வளர்க்கிறேன்" என்று பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் பெரிய வகுப்புகளுக்கு 2021 செப்டம்பரில்தான் ஒழுங்காகத் திறந்தது. ஒன்றரை வருஷம் பையன் தெருவில்தான் இருந்தான். முக்கில் ஒரு பஞ்சர் கடை. அங்கே இவனைவிடப் பெரிய பையன்கள் சிலர். டயர் ஒட்டுகிற சொல்யூஷனைத் துணியில் நனைத்து முகர்ந்தால் போதை வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கண் சிவந்திருக்கும், சட்டையில் ஒரு பெட்ரோல் வாசனை அடிக்கும், சாப்பாடு இறங்காது. ராத்திரி பூரா போன் பார்க்கிறான் போல என்று நினைத்து விட்டுவிட்டேன். சகோதரிகளே, உங்கள் வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள்.

முதலில் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்த நூறு ரூபாய் காணாமல் போனது. அப்புறம் மகளின் தோடு. அடகுக் கடையில் இருந்து அவர் மீட்டுக்கொண்டு வந்து, பையனைப் பெல்ட்டால் அடித்தார். நான் தடுக்கவில்லை. பாபு அழவும் இல்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கோபம்.

2022 ஜனவரியில் ஒரு நாள் ஸ்டேஷனில் இருந்து போன். யாருடைய மோட்டார் சைக்கிளையோ தள்ளிக்கொண்டு போனதில் மூன்று பேர் பிடிபட்டார்கள். ஒருவனுக்கு 20 வயது, பாபுவுக்கு 15.

சினிமாவில் பார்த்ததை வைத்து, லாக்கப்பில் போட்டு அடிப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அப்படி நடக்கக் கூடாதாம். 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, பெற்றவருக்கோ வளர்ப்பவருக்கோ உடனே சொல்ல வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. கூண்டு கிடையாது, கறுப்புக் கோட்டு கூட்டம் கிடையாது. ஒரு மேஜை, நாலு நாற்காலி.

அங்கே இருந்த அம்மா என்னைப் பார்த்து, "ஜாமீன்ல அனுப்பறோம். நீங்க கூட்டிக்கிட்டுப் போறீங்களாம்மா?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். "வீட்ல பொம்பளைப் புள்ள இருக்கு. வேண்டாங்க" என்றார் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். பாபு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை இன்றைக்கும் என் தூக்கத்தில் வருகிறது.

பக்கத்து மாவட்டத்தில் இருந்த கூர்நோக்கு இல்லத்துக்கு அவனை அனுப்பினார்கள். நம் பக்கம் எல்லாவற்றையும் 'சீர்திருத்தப் பள்ளி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். இப்போது அப்படி இல்லை. விசாரணை முடிகிற வரை வைக்கிற இடம் கூர்நோக்கு இல்லம். தப்பு செய்தது உறுதியாகி, தங்க வைத்துத் திருத்த வேண்டும் என்று குழுமம் முடிவு செய்தால் அனுப்புகிற இடம் சிறப்பு இல்லம். எந்தக் குற்றமும் செய்யாத, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளைகளுக்குக் குழந்தைகள் இல்லம். இந்த மூன்றாவதைக் கவனிப்பது குழந்தைகள் நலக் குழு. சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் போடாமல் தனியாக நடத்த வேண்டும் என்று இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம்தான், 1920-ல். இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் வருஷத்துச் சட்டம்.

பத்து நாள் கழித்து ஒரு நன்னடத்தை அலுவலர் எங்கள் வீடு தேடி வந்தார். சின்ன வயசுப் பெண். பையனைப் பற்றி சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டுமாம். திருட்டைப் பற்றிக் கேட்பார் என்று நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அவங்க அம்மா தவறினப்ப இவன் அழுதானாம்மா?"

யோசித்துப் பார்த்தேன். அழவில்லை. நாங்கள் எல்லாரும் அழுதோம். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். 'என்ன கல் நெஞ்சுப் பையன்' என்று யாரோ சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

"அம்மாவைப் பத்தி உங்ககிட்ட எப்பவாவது பேசியிருக்கானா?"

இல்லை. பேசினால் பையன் ஏங்கிப்போவான் என்று நான்தான் அக்கா பேச்சையே எடுக்க விடவில்லை. போட்டோவைக்கூட எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

"அவன் துணிமணி எல்லாம் எங்கேம்மா வச்சிருக்கான்?"

ஆணியைக் காட்டினேன். ஐந்து வருஷமாக அந்த மஞ்சள் பை அங்கேதான் தொங்கியது. பீரோவில் எனக்கு ஒரு தட்டு, அவருக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு. விருந்தாளி மாதிரி பையில் துணி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஐந்து வருஷம் என் வீட்டில் இருந்திருக்கிறான். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். எனக்குத்தான் நெஞ்சை அடைத்தது.

போகும்போது ஒன்று சொன்னார். "இல்லத்துல விடறது கடைசி வழின்னு சட்டத்துலயே இருக்குங்கம்மா. முடிஞ்ச வரைக்கும் குடும்பம்தான். நீங்க தயாராகிற வரைக்கும் அவனை எங்கயாவது நல்ல இடத்துல வைக்கப் பார்க்கறேன். ஆனா நீங்க தயாராகணும்."

குழுமம் அவன் விஷயத்தைக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பி, அவர்கள் மார்ச் மாதம் அவனை ஒரு சின்ன இல்லத்தில் சேர்த்தார்கள். மொத்தம் 14 பையன்கள். ஓட்டு வீடு, வேப்பமரம், இரண்டு மாடு. அங்கேயே தங்கி இருக்கும் ஐம்பது வயது இல்லத்தாய் ஒருவர், அவருக்கு உதவியாக ஒரு வாலிபர். முந்தைய இடத்தில் பெரிய ஹாலில் வரிசையாகப் படுக்கை, புதிதாக வருகிறவனைப் பெரிய பையன்கள் அடிப்பது, சொறி சிரங்கு எல்லாம் இருந்ததாகப் பின்னால் பாபு சொன்னான். பிள்ளைகள் கூட்டம் பெரிதாகப் பெரிதாக, வேலை செய்கிறவர்கள் எண்ணிக்கை பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

இந்தச் சின்ன வீட்டு முறை எப்படி வந்தது என்று அந்த இல்லத்தை நடத்துகிற பெரியவர் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் அநாதையான பிள்ளைகளுக்காக ஆஸ்திரியாவில் இம்ஸ்ட் என்ற ஊரில் ஹெர்மன் க்மைனர் என்பவர் 1949-ல் ஒரு குழந்தைகள் கிராமத்தைத் தொடங்கினாராம். பெரிய விடுதி வேண்டாம். ஒரு வீடு, அதில் ஒரு தாய், கூடப் பிறந்தவர்கள் மாதிரி சில பிள்ளைகள், அப்படி வீடுகள் சேர்ந்து ஒரு கிராமம். நம் தாம்பரத்தில்கூட அப்படி ஒரு எஸ்.ஓ.எஸ். கிராமம் இருக்கிறது. வயசு வந்த, முரண்டு பிடிக்கிற பிள்ளைகளுக்கும் அந்த வீட்டு முறைதான் பொருந்தும் என்பது அவர் அனுபவம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கு நிறையப் புளியோதரையோடு போனேன். பாபு வெளியே வரவே இல்லை. "அவங்க யாரோ, எனக்குத் தெரியாது" என்று உள்ளேயிருந்து சொன்னது காதில் விழுந்தது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். இல்லத்தாய் மோர் கொண்டுவந்து கொடுத்து, "இன்னிக்கு வரலைன்னா அடுத்த வாரம் வாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க" என்றார்.

இரண்டாவது வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றான். "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான் பேச்சு. தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அங்கே என்ன மந்திரம் போட்டார்கள் என்று கேட்பீர்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. காலை ஐந்தரைக்கு எழுப்பி ஓட விடுவார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் படிப்பு, சாயங்காலம் டியூஷன். வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர். சொல்யூஷன் பழக்கம் விட்ட புதிதில் கை நடுக்கமும் எரிச்சலுமாகத் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறான். தட்டை அவனையே எடுத்துக் கழுவ வைத்தார்கள், வேறு தட்டில் சோறு போட்டார்கள். அடி கிடையாது. இல்லத்தில் பிள்ளைகளை அடிப்பது சட்டப்படி குற்றம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் யாருக்கு என்ன மனஸ்தாபம், அடுத்த வாரம் என்ன குழம்பு என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். சுவரில் ஒரு புகார்ப் பெட்டி. அதன் சாவி இல்லத்து ஆட்களிடம் கிடையாது.

அப்புறம் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு சின்ன மர அலமாரி, பூட்டு சாவியோடு. பாபு சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தான். ஒரு நாள் திறந்து காட்டினான். மடித்த துணி, சோப்பு டப்பா, கதவின் உள்பக்கம் அக்காவின் போட்டோ. நான் பெட்டிக்குள் வைத்த போட்டோவை அந்த நன்னடத்தை அலுவலர் கேட்டு வாங்கிப் போனது அதற்குத்தான் போலிருக்கிறது. அந்த அலமாரி முன்னால் நின்றுதான் முதல் தடவையாக அம்மாவைப் பற்றிப் பேசினான். "அம்மா கையில ஊசி குத்தின இடமெல்லாம் கறுத்துப் போயிருக்கும் சித்தி." அன்றைக்கு இரண்டு பேரும் அழுதோம். ஐந்து வருஷத்து அழுகை.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. ஆகஸ்டில் மகளுக்கு டைபாய்டு. இரண்டு ஞாயிறு என்னால் போக முடியவில்லை, போன் பண்ணிச் சொல்லவும் தோன்றவில்லை. இரண்டாவது ஞாயிறு ராத்திரி பாபு சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். தகவல் வந்ததும் என் கணவர், "நாய் வாலை நிமிர்த்த முடியுமா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொழுது விடிகிறதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். இல்லத்தாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "பையன் எங்கே நின்னான் தெரியுமாங்கம்மா? பஸ் ஸ்டாண்டுல, கரூர் பஸ் நிக்கிற இடத்துல."

அவன் பஞ்சர் கடைக்கு ஓடவில்லை. எங்களைத் தேடித்தான் ஓடியிருக்கிறான். ஏன் வரவில்லை என்று கேட்க வந்திருக்கிறான்.

நான் சொல்ல வந்ததே இதுதான். நல்ல இல்லம் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும். ஒழுங்கு கற்றுக்கொடுக்கும், வைத்தியம் பார்க்கும். ஆனால் 'தலைவலி விட்டது' என்று நாம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் அங்கே எத்தனை நல்லது செய்தாலும் நிற்காது. வாரம் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்காருகிற மனுஷிக்கும் அந்த வைத்தியத்தில் பங்கு உண்டு.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் விடவில்லை. முடியாத வாரம் போன் பண்ணிக் காரணம் சொல்வேன். ஒரு நாள் என் கணவரும் கூட வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டு இரும்பு கேட்டில் தாழ்ப்பாள் உடைந்து தொங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து பற்றவைத்துக் கொடுத்தார். பாபு பக்கத்தில் உட்கார்ந்து ராடு எடுத்துக் கொடுத்தான். "கண்ணைத் திருப்பிக்கடா" என்று அவர் அதட்டியதுதான் எட்டு மாசத்துக்கப்புறம் அவனோடு பேசிய முதல் பேச்சு.

தீபாவளிக்குக் குழுவின் அனுமதியோடு மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பீரோவில் என் தட்டைக் காலி பண்ணி வைத்திருந்தேன். "இது உன்னோடது" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையில் இருந்த துணியை ஒவ்வொன்றாக அடுக்கினான். 2023 ஏப்ரலில் பத்தாம் வகுப்பு எழுதிப் பாஸ் பண்ணினான். மே மாதம் அவனை எங்களிடமே ஒப்படைத்தார்கள். அப்புறமும் அந்த அலுவலர் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டார். ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷம் வெல்டிங் படித்து, இப்போது சித்தப்பாவோடு பட்டறைக்குப் போகிறான். கேஸ் இருந்ததே, வேலைக்கு இடைஞ்சல் வராதா என்று பயந்தேன். சின்ன வயதுத் தப்பு பின்னால் வேலைக்கோ படிப்புக்கோ தடையாகக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதாம். 16 வயதுக்கு மேல் மிகக் கொடிய குற்றம் செய்தவர்களுக்கு மட்டும் வேறு விதி.

உங்களுக்கு உபயோகப்படும் என்று நான் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளை கை மீறிப் போகிறான் என்று தெரிந்தால் 1098-க்குப் போன் பண்ணுங்கள், காசு கிடையாது. அவர்கள் உங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வழி சொல்வார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஏதோ ஒரு இல்லத்தில் நேராகக் கொண்டுபோய் விடாதீர்கள். எந்த இல்லமும் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழு மூலமாகத்தான் சேர்க்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், ராத்திரி கூட யார் இருப்பார்கள், போனில் பேச விடுவார்களா, புகார்ப் பெட்டி எங்கே, டாக்டர் எப்போது வருவார் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடம் வேண்டாம்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை உறவுக்காரர்கள் வளர்த்தால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாதம் 4,000 ரூபாய் வரை உதவித்தொகை வாங்க மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில் வழி இருக்கிறது. இல்லத்தில் வளர்ந்து 18 வயது ஆனவர்களுக்கு, தேவைப்பட்டால் 21 வயது வரை உதவி செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஒன்றுமே வேண்டாம் என்று உங்கள் பிள்ளை நன்றாகவே இருந்தாலும், இன்று சாயங்காலம் ஒரு நிமிஷம் பாருங்கள். உங்கள் வீட்டில் உறவுப் பிள்ளை யாராவது இருந்தால், அவன் துணி எங்கே இருக்கிறது என்று.

அந்த மஞ்சள் பை இப்போதும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. வாரச் சந்தைக்குக் காய்கறி வாங்க நான் எடுத்துக்கொண்டு போகிறேன். "கைப்பிடி பிஞ்சிடுச்சு சித்தி, குடுங்க தெச்சுத் தர்றேன்" என்று போன வாரம் பாபுதான் ஊசி நூல் எடுத்து உட்கார்ந்தான்.